சிவப்பு ஐசிக்காரி சொன்ன நாடு

“மக்சிக், இன்னிக்குக் காலையில வீட்டுல என்ன சமைச்சீங்க?”

அந்தப் பெண் அதிகாரி மலாயில் இப்படித்தான் கேட்டார். மக்சிக் என்றால் நாம் சின்னம்மா, பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி. முப்பது வயது இருக்கும் அவருக்கு. தலையில் இளம்பச்சைத் துணி, முகத்தில் சிரிப்பு. மேசையில் என் கோப்பு திறந்து கிடந்தது. அறையில் குளிர்சாதனம் போட்டுப் போட்டு என் முழங்கால் மரத்துப்போயிருந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சேலை முந்தானையைச் சரிசெய்தேன். புத்தகத்து மலாயில், சத்தமாகச் சொன்னேன்.

“முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்.”

அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

“இல்ல மக்சிக், சமையல்...”

“இரண்டாவது, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் செலுத்துதல்.”

நாட்டின் கோட்பாடுகள் ஐந்து. ஐந்தாவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கேள்வி என் காதில் நன்றாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் வாய் அதன்பாட்டுக்குப் போய்விட்டது. பிரேக் இல்லாத லோரி மாதிரி.

அந்த ஒரு அறைக்குள் நல்லபடியாகப் பேசிவிட்டு வந்தால்தான் எனக்கு நீல ஐசி, அதாவது நீல அடையாள அட்டை. இல்லாவிட்டால் சாகும்வரை சிவப்புதான்.

அதென்ன சிவப்பு?

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நான் இருபது வருஷம் அடுப்படியில் நின்ற கதையை இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கிள்ளான் பாசாரில், அதான் சந்தையில், ஓர் அம்மா கீரைக்கட்டும் கையுமாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, உங்களுக்கு ரொம்ப நாளா சிவப்பு ஐசியாமே? நீங்க இந்தியாவுல இருந்து வந்தவங்களா?”

அதற்குப் பதில்தான் இந்த வாரம்.

நான் வந்தவள் இல்லை. இங்கேயே பிறந்தவள். ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கடைசி லயத்தில், மூன்றாவது வீட்டில். என் அப்பாவும் இந்த மண்ணில் பிறந்தவர்தான்.

நான் பிறந்து பதினைந்தாம் நாள், அப்பாவுக்கும் அங்கிருந்த கங்காணிக்கும் வாய்த்தகராறு. அப்பா கோபக்காரர். மறுநாளே சட்டி பானையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். பழைய தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, என் பிறப்பைப் பதியவில்லை. புதிய தோட்டத்துக் கிராணி, “இங்க பொறக்காத பிள்ளைக்கு நான் எப்படி எழுதறது?” என்று கேட்டுவிட்டார்.

அம்மா நச்சரித்திருக்கிறார். அப்பா சொன்ன பதிலை அம்மா சாகும்வரை சொல்லிக்காட்டினார்.

“பிள்ளைதான் கண்ணு முன்னால இருக்கே. அதுக்கு என்னத்துக்குக் காயிதம்?”

கண் முன்னால் இருக்கிற பிள்ளைக்குக் காகிதம் வேண்டும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எனக்குப் பின்னால் பிறந்த தம்பிக்குக் காகிதம் இருந்தது, நீல ஐசி வந்தது. எனக்குச் சிவப்பு வந்தது. நீலம் என்றால் குடிமகள். சிவப்பு என்றால் நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. ஒரே வயிறு, ஒரே லயம், இரண்டு நிறம்.

தம்பி கிண்டலுக்குக் குறைச்சல் இல்லாதவன். “அக்கா, என் நாட்டுக்கு வந்திருக்கே. சௌகரியமா இருக்கியா?” என்பான். நான் கரண்டியைத் தூக்குவேன்.

சாப்பாட்டுக்கோ தூக்கத்துக்கோ ஐசியின் நிறம் ஒன்றும் தடையில்லை. ஆனால் தேர்தல் என்று வந்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப் போடுவார்கள். எட்டு மாடியும் குளித்து முழுகி, பவுடர் பூசி, கல்யாணத்துக்குப் போவது போலப் போகும். நான் மட்டும் கீழே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எல்லார் வீட்டுச் சாவியும் என் மடியில் கிடக்கும். திரும்பி வருகிறவர்கள் மைவைத்த விரலைக் காட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

யாரிடமும் நான் குறை சொன்னதில்லை. கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் ஆசை இருந்தது. ஒருதடவையாவது என் விரலிலும் அந்த மை.

தூக்கில் தொங்கிய தேநீர்

இந்த இடத்தில் என் மருமகள் தேன்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பெண். என் மகன் குமரன் கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பது வயதுவரை அடம்பிடித்தான். பிறகு ஓர் உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஊர்ப்பக்கம் போனவன் இவளைப் பார்த்துவிட்டு வந்து ஒரே பிடியாக நின்றான். இவளும் முப்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தவள்.

வந்த மூன்றாம் நாள் தேநீர் வாங்கிவரக் கீழே கடைக்கு அனுப்பினேன். பையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது சாதாரணம். பிளாஸ்டிக் பையில் சூடாக ஊற்றி, சிவப்புக் கயிறு போட்டு முடிந்து கொடுப்பார்கள், விரலில் மாட்டிக்கொண்டு வரலாம். இவள் கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு ஏறி வருகிறாள்.

“என்ன அத்தே இது, டீயைத் தூக்குல போட்டுக் குடுத்திருக்கான்!”

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்து பார்த்தார்.

அப்படிப் பார்த்துப் பார்த்து இவளுக்கு நாட்டைப் பழக்கினேன். பழக்கினேன் என்றால் உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. அவள் தப்புச் செய்வாள், நான் சிரிப்பேன், அவள் கோபித்துக்கொள்வாள், மறுநாள் சரியாகச் செய்வாள். அவ்வளவுதான்.

இது எப்படியோ மன்னார்குடியில் பரவிவிட்டது. அவள் தெருவில் யாராவது மலேசியாவுக்குக் கிளம்பலாமா என்று யோசித்தால் உடனே போன் வரும். அவள் அம்மா, “சம்பந்தியம்மா, இவங்களுக்குக் கொஞ்சம் உங்க நாட்டைப் பத்திச் சொல்லுங்க” என்று போனை அவர்களிடம் கொடுப்பார். நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்வேன். மழை எப்போது வரும், எந்த விரலால் காட்ட வேண்டும், ஏஜென்ட் தருகிற தாளில் கையெழுத்துப் போடும் முன் யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், எல்லாம்.

ஒருநாள் அப்படிப் பேசி வைத்ததும் தேன்மொழி கேட்டாள்.

“ஏன் அத்தே, உங்க நாடு உங்க நாடுன்னு எல்லாருக்கும் சொல்றீங்க. உங்க ஐசி மட்டும் ஏன் வேற கலரா இருக்கு?”

சொன்னேன். மாட்டுவண்டி, கிராணி, சாவி, மை, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் குமரனைக் கூட்டிக்கொண்டு விண்ணப்பத் தாள் வாங்கப் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நான் கேட்டேனாடி?” என்று சத்தம் போட்டேன்.

“நீங்க கேக்கமாட்டீங்க. அதான் நான் கேட்டேன்” என்றாள்.

பாதி அவளுக்கு, பாதி எனக்கு

விண்ணப்பம் போட்டால் கூப்பிட்டு மலாயில் பேசச் சொல்வார்கள், நாட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். எங்கிருந்தோ ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. நாட்டை அறிமுகப்படுத்துகிற புத்தகம். கொடி, கோட்பாடு, மாநிலம், பேரரசர், எல்லாம் மலாயில்.

இங்கேதான் வேடிக்கை. எனக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரியும். ரோமன் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் காதால் கேட்டால் மலாய் புரியும். தேன்மொழிக்கு ரோமன் எழுத்து தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவள் வந்து மூன்று வருஷம்தான், மலாய் ஒரு வரி புரியாது.

ஆக, படிக்கிறவளுக்குப் புரியாது. புரிகிறவளுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள்.

சாயங்காலம் நான் தேங்காய் துருவுவேன். அவள் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷ் படிப்பது போல மலாயைப் படிப்பாள். காது கூசும்.

“இது என்ன அத்தே, ‘குட்டி’ன்னு போட்டிருக்கு?”

“குட்டி இல்லடி, சுட்டி. லீவு நாள். அந்த எழுத்தை நீ ‘க’ன்னு படிக்கிற, இவங்க ‘ச’ன்னு சொல்வாங்க.”

“அப்ப இவ்வளவு நேரம் நான் படிச்சதெல்லாம்?”

“இன்னொருக்கா படி.”

குமரன் வேலை விட்டு வந்து, இரண்டு பேரும் மாறி மாறிக் கத்துவதைக் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி வெளியே போய்விடுவான்.

புத்தகத்து மலாய் எனக்குப் புதிது. நான் பேசுவது பாசார் மலாய். மீன்காரனோடு, பஸ் ஓட்டுநரோடு, கடை அடுப்படியில் என்னோடு வேலை செய்த மலாய்ப் பெண்களோடு பேசிப் பேசி வந்தது. அதில் இலக்கணம் கிடையாது. சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம். ஆனால் ஓர் அதிகாரிக்கு முன்னால் அந்த மலாயில் பேசுவது மரியாதைக் குறைச்சல் என்று என் மனதில் இருந்தது. மீன் வாங்கப் போகிற சேலையோடு கோயிலுக்குப் போகிற மாதிரி.

அதனால் புத்தகத்தை முழுசாக நெட்டுருப் போட்டேன். தேன்மொழி ஒரு டீச்சருக்குரிய கண்டிப்போடு சொல்லிவிட்டாள்.

“முதல் கேள்வி கண்டிப்பா கோட்பாடுதான் அத்தே. கேட்டவுடனே பதில் வந்துடணும்.”

கேட்டவுடனே வந்துவிட்டது. கேள்விதான் வேறு.

புதிதாக ஒருத்தி வந்தால்

அதிகாரி பேனாவைக் கீழே வைத்த இடத்தில் விட்டேன் அல்லவா.

எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே பெஞ்சில் தேன்மொழி உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே நான் சமையலுக்குக் கோட்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்தப் பெண் கோப்பை மூடினார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மக்சிக், புத்தகத்தை விடுங்க. வேற நாட்டுல இருந்து ஒருத்தி இங்க வந்து வாழணும்னு நினைக்கிறா. உங்ககிட்ட வந்து, இந்த நாடு எப்படின்னு கேக்குறா. என்ன சொல்வீங்க?”

நான் அவரைப் பார்த்தேன். இதென்ன கேள்வி? இதைத்தான் நான் வாரத்துக்கு ஒருதடவை மன்னார்குடிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே!

“எந்த மலாயில சொல்லட்டும், புவான்?” என்று மரியாதையாகக் கேட்டேன்.

“உங்க மலாயிலதான்.”

அப்புறம் என்னை யார் பிடிப்பது?

“முதல்ல குடை வாங்கச் சொல்வேன். காலையில வெயில் பல்லைக் காட்டும், நம்பிடக் கூடாது. நாலு மணிக்கு மழை வந்து துணியெல்லாம் நனைஞ்சிடும். அப்புறம் செருப்பு. கோயிலோ, பள்ளிவாசலோ, எவங்க வீடோ, வாசல்ல கழட்டணும். ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டக் கூடாது, கட்டைவிரலால காட்டணும். எவனாவது ‘சாப்பிட்டாச்சா’ன்னு கேட்டா அது சோத்துக் கேள்வி இல்ல, சௌக்கியமான்னு கேக்குறான். ‘இல்ல’ன்னு சொன்னீங்கன்னா உக்கார வச்சுச் சோறு போட்டுட்டுத்தான் விடுவான்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை.

“சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு எடுத்துட்டுப் போனா ரெண்டு எடுத்துட்டுப் போணும். ஒத்தைப் பழம் ஆகாது. தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு எல்லாரும் வருவாங்க, அதனால கோழியை ஹலால் கடையில வாங்கணும். மலாய்க்காரங்களுக்குன்னு ஒரு சட்டி தனியா வச்சிருக்கேன், அதுல வேற எதையும் ஆக்கமாட்டேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து ஹலாலான்னு கேக்கவே மாட்டாங்க. நேரா உக்காந்து சாப்பிடுவாங்க. அது போதும் எனக்கு.”

“பத்துமலை?”

“தைப்பூசத்துக்குப் போனா தண்ணி எடுத்துட்டுப் போங்கன்னு சொல்வேன். சீனங்க காவடி எடுப்பாங்க, வாயைப் பொளந்துட்டு நிக்காதீங்க, வழி விடுங்க. அப்புறம் டுரியான் பழத்தை ரயில்ல ஏத்தாதீங்க. என் மருமக ஒருதடவை ஏத்திட்டா. பெட்டி முழுக்க மூக்கைப் பொத்திக்கிட்டு எங்களையே பார்த்துச்சு. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி நின்னு தின்னு முடிச்சிட்டுத்தான் வந்தோம்.”

அவர் மேசையில் கைவைத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

“மாடியில லிஃப்ட் கெட்டுப்போனா திட்டாதீங்கன்னு சொல்வேன். படி ஏறும்போதுதான் மத்த மாடிக்காரங்க பேரு தெரியும். எனக்கு எட்டு மாடியும் பழக்கமானது லிஃப்ட் கெட்டதாலதான்.”

“கஷ்டமா ஒண்ணுமே இல்லையா மக்சிக், இந்த நாட்டுல?”

கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்வதில்லை நான்.

“ஒண்ணு இருக்கு. எத்தனை வருஷம் ஆனாலும், நீ எந்த நாட்டுக்காரின்னு யாராவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. எங்கிட்டயும் கேக்குறாங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “கேட்டா என்ன சொல்வீங்க?”

“ஜெஞ்சாரோம்னு சொல்வேன். ஜெஞ்சாரோம் எந்த நாட்டுல இருக்குன்னு அவங்களே கண்டுபிடிச்சுக்கட்டும்.”

அவர் கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். நாலு வரி இருக்கும். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இப்பவாவது சொல்லுங்க. காலையில என்ன சமைச்சீங்க?”

“கருவாட்டுக் குழம்பு.”

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு கோட்பாடும் மிச்சமாகியிருக்குமே!” என்றார்.

வெளியே வந்தேன். தேன்மொழி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“கோட்பாடு கேட்டாங்களா அத்தே?”

“கேக்கல. ஆனா சொல்லிட்டேன்.”

கடிதம்

பதில் உடனே வரவில்லை. ஒரு தீபாவளி போனது, இன்னொரு தீபாவளியும் போனது. தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தேன்மொழி மாடிப் படியில் இறங்கி ஓடுவாள். நான் காதில் வாங்காதவள் போல இருப்பேன். அவள் வெறுங்கையோடு ஏறி வரும்போது அவளுக்குத்தான் நான் ஆறுதல் சொல்ல வேண்டும்.

ஒரு மழைநாளில் கடிதம் வந்தது. குமரன்தான் படித்தான். பாதியிலேயே எழுந்து போய்த் தன் தாய்மாமனுக்கு, என் தம்பிக்கு, போன் போட்டான்.

“மாமா, அம்மா இனிமே உங்க நாட்டுக்காரி.”

கிண்டல்காரனுக்குக் கிண்டல் வரவில்லை. “அக்காகிட்ட குடு” என்று மட்டும் சொன்னான். குமரன் கொடுத்தான். தம்பி அழுதுகொண்டிருந்தான். நான் திட்டினேன். வேறென்ன செய்வது?

உறுதிமொழி எடுக்க ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லா நிறத்து ஆட்களும் இருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு சீனக் கிழவி, என்னைவிடப் பல்லு குறைச்சல். கையைத் தூக்கச் சொன்னதும் அவளால் பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை. நான் என் இன்னொரு கையால் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

பத்து விரல்

கடைசியாக ஐசிக்குப் படம் எடுக்கவும் ரேகை வைக்கவும் போனோம். முகப்பில் இருந்தது நம்ம தமிழ்ப் பையன்தான். படம் நன்றாக வந்தது. மூக்குத்தி தெரிந்தது.

“ஆன்டி, பெருவிரல் வைங்க.”

வைத்தேன். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு.

“இன்னும் கொஞ்சம் அழுத்துங்க ஆன்டி.”

அழுத்தினேன். சிவப்புதான்.

“இன்னொரு பெருவிரல்.”

அதுவும் சிவப்பு. ஈரத் தாளால் துடைக்கச் சொன்னார். நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு விரலாகப் போனோம். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு மலாய்க்காரர், “மெதுவா மக்சிக், மெதுவா” என்கிறார். தேன்மொழி நகத்தைக் கடிக்கிறாள்.

எனக்கு ஒரே பயம். இவ்வளவு தூரம் வந்து, ரேகை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால்?

ஒன்பது விரலும் ஆயிற்று. மிச்சம் வலது கைச் சுண்டுவிரல். வைத்தேன். ‘டிங்’ என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு.

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அந்தப் பையன் நாற்காலியில் சாய்ந்து, “அப்பாடா! இது ஒண்ணு போதும் ஆன்டி” என்றார்.

தேன்மொழி என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது வருஷம் அடுப்படியில் தேய்ந்து, விரல் நுனியெல்லாம் வழவழவென்று இருந்தது.

“மத்த ஒம்பது வெரல் ரேகையும் எங்க அத்தே போச்சு?”

“இங்கதான்டி” என்றேன். “வேற எங்க போவும்?”